பாதாள சாக்கடையில் தொழிற்கழிவுநீர்: கட்டணம், வரம்பு, அளவு பற்றி டெல்டா தொழில் நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரிசி ஆலை, பட்டு சாயப்பட்டறை, பித்தளைப் பட்டறை, ஹோட்டல், கல்யாண மண்டபம், பால் பதனிடும் இடம் என்று தண்ணீரைப் பயன்படுத்தி அழுக்காக்கி வெளியே விடுகிற எல்லாத் தொழிலுக்கும் இந்தப் பக்கம் பொருந்தும். சட்டமும் வரம்புகளும் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். ஆனால் தரை சமமாக, நிலத்தடி நீர் மேலேயே நிற்கிற டெல்டாவில் சில சிக்கல்கள் கூடுதலாக வரும். அவற்றையும் சேர்த்தே சொல்லியிருக்கிறோம்.

மாதாமாதம் பாதாள சாக்கடைக் கட்டணம் கட்டுகிறோம். அப்புறம் எதை விட்டால் என்ன?

நகராட்சிக்கோ மாநகராட்சிக்கோ நீங்கள் கட்டுவது இணைப்புக்கும் பராமரிப்புக்குமான கட்டணம். கழிவறை, குளியலறை, கை கழுவும் தொட்டி வரைக்கும் அது போதும். தொழிலில் இருந்து வரும் கழிவுநீர் வேறு கணக்கு. 1974-ஆம் ஆண்டு நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டத்தின் 25-ஆம் பிரிவு, ஆறு, கிணறு, நிலம் ஆகியவற்றோடு சாக்கடையையும் சேர்த்தே சொல்கிறது. அதில் தொழிற்கழிவை விட மாசு கட்டுப்பாடு வாரியத்தின் இசைவாணை வேண்டும். நகராட்சி ரசீது இசைவாணை ஆகாது. இசைவாணை கையில் இருந்தாலும் நகராட்சி இணைப்பு தானாக வந்துவிடாது. இரண்டு வாசலையும் தட்டத்தான் வேண்டும்.

எங்கள் தெருவில் ஓடுவது பாதாள சாக்கடையா, மழைநீர் வடிகாலா? எப்படித் தெரிந்துகொள்வது?

மற்ற எல்லாக் கேள்விக்கும் முன்னால் இதைத்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய ஊர்களில் பாதாள சாக்கடை இருக்கிறது. ஆனாலும் ஊரின் எல்லாத் தெருவுக்கும் அது வந்துவிடவில்லை. பேரூராட்சிகளில் பெரும்பாலும் கிடையாது. கடை வாசலில் கான்கிரீட் மூடி போட்டு ஓடுவதெல்லாம் பாதாள சாக்கடை என்று நினைத்துக்கொண்டு குழாயைச் செருகியவர்கள் ஏராளம்.

அடையாளம் எளிது. பாதாள சாக்கடையின் மேன்ஹோல் மூடி சாலையின் நடுவிலோ ஒரு பக்கமாகவோ, ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒன்றாக வரும். உள்ளே ஆழத்தில் ஒரு குழாய் தெரியும். மழைநீர் வடிகால் சாலையோரத்தில் செவ்வகக் கால்வாயாக இருக்கும், இடையிடையே மழைத் தண்ணீர் இறங்க ஓட்டை இருக்கும். சந்தேகம் இருந்தால் நகராட்சிப் பொறியியல் பிரிவில் உங்கள் தெருவின் சாக்கடை வரைபடத்தைக் கேளுங்கள். அந்தக் குழாய் எந்த உந்து நிலையத்துக்குப் போகிறது, அங்கிருந்து எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது என்பது வரை கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு தூரம் கேட்க வேண்டும்? சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள், 1986-இன் 6-ஆம் அட்டவணையில், பொதுச் சாக்கடைக்கான தளர்வான வரம்புகளுக்குக் கீழே ஒரு குறிப்பு இருக்கிறது. அந்தச் சாக்கடை உயிரியல் முறை உள்ளிட்ட இரண்டாம் நிலைச் சுத்திகரிப்புக்குப் போய்ச் சேர்ந்தால் மட்டுமே அந்த வரம்புகள் செல்லும். இல்லாவிட்டால் நீங்கள் ஆற்றில் விட்டதாகவே கணக்கு. டெல்டாவில் மழைநீர் வடிகால் என்றாலே அது குடமுருட்டியிலோ அரசலாற்றிலோ வெட்டாற்றிலோ ஒரு பாசன வாய்க்காலிலோ போய்த்தான் முடியும். அங்கிருந்து அடுத்த மடை யாரோ ஒருவருடைய வயல். குழாய் எங்கே முடிகிறது என்பதை வைத்து பிஓடி (தண்ணீரில் உள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) வரம்பு லிட்டருக்கு 350 மில்லிகிராமிலிருந்து 30-க்கு இறங்கிவிடுகிறது.

வரம்புகள் என்ன?

பொதுச் சாக்கடைக்கு, ஒரு லிட்டரில் மில்லிகிராம் கணக்கில்: பிஓடி (27 டிகிரியில் 3 நாள்) 350, கரையாமல் கலந்திருக்கும் திடப்பொருள் 600, எண்ணெயும் கிரீஸும் 20, அம்மோனியா நைட்ரஜன் 50, செம்பு 3, துத்தநாகம் 15, நிக்கல் 3, மொத்த குரோமியம் 2, ஈயம் 1, சயனைடு 2. பிஎச் 5.5 முதல் 9.0 வரை.

ஆறு, வாய்க்கால் என்று உள்நாட்டு நீர்நிலையில் விடுவதானால் பிஓடி 30, சிஓடி (அதே அழுக்கை வேதிப்பொருளால் எரித்து அளக்கும் ஆக்சிஜன் தேவை) 250, திடப்பொருள் 100, எண்ணெய் 10. பாசனத்துக்கு நிலத்தில் விடுவதானால் பிஓடி 100, திடப்பொருள் 200, எண்ணெய் 10.

இவை பொது வரம்புகள். உங்கள் இசைவாணையில் வேறு எண் எழுதியிருந்தால் அந்த எண்தான் உங்களைக் கட்டுப்படுத்தும். இசைவாணையின் பின்பக்க நிபந்தனைகளைப் படிக்காமல் சட்டகம் போட்டு மாட்டிவைக்கிற வழக்கம் பரவலாக இருக்கிறது. நாள் ஒன்றுக்கு எத்தனை கிலோலிட்டர், எந்த இடத்தில் விட வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை பரிசோதனை என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

மொத்தத்தில் எதற்கெல்லாம் பணம் கட்ட வேண்டியிருக்கும்?

நகராட்சிக்கு இணைப்பு வைப்புத்தொகை, சாலையை வெட்டிச் சரிசெய்யும் செலவு, அதன் பிறகு மாதக் கட்டணம். டெல்டா நகரங்களில் இவை பொதுவாகக் கட்டடத்தின் சதுர அடியையும் அது வீடா, வணிகமா, தொழிலா என்பதையும் வைத்தே போடப்படுகின்றன. விகிதத்தை மன்றத் தீர்மானம் முடிவு செய்வதால் ஊருக்கு ஊர் வேறுபடும்.

வாரியத்துக்கு இசைவாணைக் கட்டணம். இது உங்கள் தொழிலின் நிலையான சொத்து மதிப்பையும் மாசின் அளவை வைத்துப் பிரிக்கும் சிவப்பு (அதிகம்), ஆரஞ்சு, பச்சை (குறைவு) என்ற வகைப்பாட்டையும் பொறுத்தது. சொத்து மதிப்புக்குப் பட்டயக் கணக்காளர் சான்று கேட்பார்கள். புது இயந்திரம் வாங்கியபோது மதிப்பை உயர்த்திக் காட்டாமல் விட்டால், புதுப்பிக்கும்போது பழைய ஆண்டுகளின் வித்தியாசமும் சேர்ந்து வரும். இதற்கு மேல் மாதிரிப் பரிசோதனைக் கட்டணம்.

1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டிவந்த தண்ணீர்த் தீர்வை இப்போது இல்லை. ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலை 1 முதல் அது போய்விட்டது. யாராவது இன்னும் அதைக் கேட்டால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

அழுக்கு அதிகமாக விடுகிறவருக்கும் குறைவாக விடுகிறவருக்கும் ஒரே கட்டணமா?

சதுர அடி முறையில் ஏறக்குறைய அப்படித்தான். ஒரே அளவுக் கட்டடத்தில் ஒரு ஜவுளிக்கடையும் ஒரு பரோட்டாக் கடையும் இருந்தால், சாக்கடைக் குழாயைக் கொழுப்பால் அடைப்பது இரண்டாமவர், பராமரிப்புச் செலவு இருவர் தலையிலும். எங்கள் பார்வையில் இது நியாயமான முறை அல்ல. சுத்திகரிப்பு நிலையத்துக்கு மின்சாரம் செலவாவது தண்ணீரின் அளவால் மட்டுமல்ல, அதில் கரைந்திருக்கிற அழுக்கின் எடையாலும்தான்.

இங்கிலாந்தில் அழுக்கின் எடைக்கு விலை வைக்கும் சூத்திரம் ஒன்று நெடுங்காலமாக வழக்கில் இருக்கிறது. லண்டனின் மேற்கே உள்ள சுத்திகரிப்பு நிலையத்தின் பெயரால் அதை மாக்டன் சூத்திரம் என்பார்கள். ஒரு கிலோலிட்டருக்கான கட்டணத்தை நான்காகப் பிரிக்கிறது: கொண்டுசேர்க்கும் செலவு, முதல்நிலைச் சுத்திகரிப்பு, உயிரியல் சுத்திகரிப்பு, கசடு அகற்றல். உயிரியல் பகுதியை உங்கள் கழிவின் சிஓடியை ஊரின் சராசரிச் சாக்கடையின் சிஓடியால் வகுத்து வரும் எண்ணால் பெருக்குவார்கள். கசடுப் பகுதியைத் திடப்பொருளை அதேபோல வகுத்துப் பெருக்குவார்கள். முதல் இரண்டும் அப்படியே நிற்கும்.

நம் ஊர் ரசீதில் இந்தச் சூத்திரம் வராது. இருந்தாலும் சொந்தக் கணக்குக்கு இதைப் போட்டுப் பார்ப்பது பயன் தரும். எங்கே செலவு செய்தால் எவ்வளவு அழுக்கு குறையும் என்று பளிச்சென்று காட்டிவிடும். கீழே உள்ள விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை: முதல் இரண்டும் சேர்ந்து கிலோலிட்டருக்கு 10 ரூபாய், உயிரியல் 15, கசடு 8. ஊர்ச் சாக்கடையின் சிஓடி 500, திடப்பொருள் 300.

நாளுக்கு 12 கிலோலிட்டர் விடும் ஒரு ஆலை; சிஓடி 2,000, திடப்பொருள் 300. உயிரியல் பகுதி நான்கு மடங்காகி 60 ஆகும். 10 + 60 + 8 = 78 ரூபாய். நாளுக்கு 936. இதே ஆலை வடிகட்டித் திடப்பொருளை மட்டும் பாதியாக்கினால் 888, அதாவது 48 ரூபாய்தான் மிச்சம். சிஓடியைப் பாதியாக்கினால் 10 + 30 + 8 = 48 ரூபாய், நாளுக்கு 576. மிச்சம் 360. பளபளவென்று ஒரு வடிகட்டியை வாங்கிவைப்பதைவிட கரைந்த அழுக்கைக் குறைப்பதில்தான் காசு இருக்கிறது.

தண்ணீரைக் கலந்து வரம்புக்குள் கொண்டுவந்துவிட்டால் போதாதா?

மேலே உள்ள அதே ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். 12 கிலோலிட்டரோடு 12 கிலோலிட்டர் போர் தண்ணீரைக் கலந்தால் சிஓடி 1,000, திடப்பொருள் 150. கிலோலிட்டருக்கு 10 + 30 + 4 = 44. ஆனால் இப்போது 24 கிலோலிட்டர். நாளுக்கு 1,056 ரூபாய். முன்பைவிட 120 கூடுதல். அழுக்கின் எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை, மோட்டார் ஓடிய மின்கட்டணம் தனி.

ஆய்வுக்கு வருகிறவர்களும் எடையைத்தான் பார்ப்பார்கள். கிலோலிட்டரை மில்லிகிராம் எண்ணால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் நாளுக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். இசைவாணையில் 12 கிலோலிட்டர் என்று இருக்க, மீட்டர் 24 காட்டினால் அதுவே ஒரு மீறல்.

போர் தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறோம். எவ்வளவு விடுகிறோம் என்று எப்படி அளப்பது?

நகராட்சித் தண்ணீர் மீட்டரை வைத்துக் கழிவை ஊகிப்பது டெல்டாவில் நடக்காது, ஏனென்றால் பாதித் தண்ணீர் போரில் இருந்து வருகிறது. போர் மோட்டார் குழாயில் ஒரு மீட்டர், கழிவு வெளியேறும் இடத்தில் ஒரு அளவி என்று இரண்டும் வையுங்கள். உள்ளே வந்ததற்கும் வெளியே போனதற்கும் உள்ள வித்தியாசம் கொதிகலன் ஆவி, பொருளோடு போன தண்ணீர், தோட்டம் என்று கணக்குக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். தண்ணீர் அளவை வைத்துக் கட்டணம் போடுகிற இடங்களில் இந்த வித்தியாசத்தைக் கழிக்கச் சொல்லி எழுதிக் கேட்கலாம். பதிவேடு இல்லாமல் கேட்டால் கிடைக்காது.

திறந்த வாய்க்காலாகக் கழிவு ஓடினால் 90 டிகிரி வி-வெட்டுப் பலகை (மேல் விளிம்பில் வி வடிவில் வெட்டி, வாய்க்காலின் குறுக்கே நிறுத்தும் பலகை) மலிவான வழி. வெட்டின் முனையில் இருந்து தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். உயரம் மீட்டரில் எச் என்றால், ஓட்டம் நொடிக்கு 1.38 × எச்-இன் 2.5 அடுக்கு கன மீட்டர். 5 செ.மீ. நின்றால் மணிக்கு ஏறக்குறைய 2.8 கிலோலிட்டர். 10 செ.மீ. நின்றால் 15.7. உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல் ஏறுகிறது. ஆகவே அளவுகோலில் அரை செ.மீ. தப்பாகப் படித்தாலும் கணக்கு கெட்டுவிடும். அளவுகோலைப் பலகையில் ஒட்டாதீர்கள். அங்கே தண்ணீர் சரிந்து இறங்கும். நிற்கும் உயரத்தைப்போல நான்கு மடங்காவது பின்னால் தள்ளிப் பக்கச்சுவரில் ஒட்டுங்கள்.

பலகைக்கு அப்பால் தண்ணீர் வெட்டின் முனைக்குக் கீழே விழ வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சாக்கடை நிரம்பிப் பின்வாங்கும்போது பலகை மூழ்கிவிடும். அன்றைக்கு அது காட்டுகிற எண்ணுக்குப் பொருளே இல்லை. பதிவேட்டில் "மூழ்கியது" என்று எழுதி நேரத்தைக் குறியுங்கள், எண்ணை எழுதாதீர்கள்.

மின்காந்த மீட்டர் வைத்தால் குழாய் முழுக்க நிரம்பி ஓட வேண்டும். மீட்டருக்கு முன்னால் குழாயின் விட்டத்தைப்போல ஐந்து மடங்கு நேர்க்குழாய் தேவை. பாதி நிரம்பிய குழாயில் வைத்துவிட்டு "மீட்டர் ஓடவே மாட்டேங்குது" என்று புகார் சொல்வது பயனற்றது. மீட்டர் உட்காரும் இடத்தைக் குழாய் யூ வடிவில் தாழ்த்தி அமைத்தால் அது எப்போதும் நிரம்பியே இருக்கும்.

மாதிரி எடுக்க வருகிறார்கள். நாங்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

தடுக்கக் கூடாது. ஆனால் நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு உங்களுக்கும் உரிமை தருகிறது. மாதிரியை உங்கள் முன்னிலையில் இரண்டு பங்காகப் பிரிக்கச் சொல்லிக் கேட்கலாம். இரண்டு பாத்திரத்துக்கும் முத்திரையிட்டு இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும். முதலாளி இல்லாத நேரம் பார்த்து வந்துவிட்டார்கள் என்று பிறகு சொல்வதைவிட, மேற்பார்வையாளருக்கு இதைச் சொல்லிவைப்பது நல்லது.

உங்கள் சொந்தப் பரிசோதனையில் பெரும்பாலும் பிழை வருவது ஆய்வகத்தில் அல்ல, எடுக்கும் விதத்தில். காலை பத்து மணிக்கு ஒரு பாட்டில் எடுத்தால் அது அந்த நிமிடத்தின் கதை மட்டும். வேலை நேரம் முழுக்க மணிக்கு ஒருமுறை, ஓட்டம் அதிகமான மணியில் அதிகமாகவும் குறைந்த மணியில் குறைவாகவும் எடுத்துக் கலக்க வேண்டும். அதுதான் தொகுப்பு மாதிரி. பிஓடி மாதிரியை ஐஸ் பெட்டியில் 4 டிகிரியில் வைத்து அன்றைக்கே ஆய்வகத்தில் சேருங்கள். வெயிலில் டிக்கியில் கிடந்த பாட்டிலில் நுண்ணுயிர்கள் பாதி அழுக்கைத் தின்று முடித்திருக்கும், பிஓடி குறைவாக வரும். பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும், வாரிய மாதிரி வரும்வரை.

எண்ணெய்ப் பரிசோதனைக்குத் தனியாக வாயகன்ற கண்ணாடி பாட்டில் வேண்டும். பிளாஸ்டிக்கில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். அதைத் தொகுப்பு மாதிரியில் இருந்து ஊற்றி எடுக்கக் கூடாது. உலோகங்களுக்கான மாதிரியில் நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச்சை 2-க்குக் கீழே கொண்டுபோக வேண்டும். பிஎச்சை அந்த இடத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

அரிசி ஆலைக்கு என்ன வழி?

புழுங்கல் அரிசிக்கு நெல் ஊறவைக்கும் தண்ணீர்தான் சிக்கல். ஒரு கிலோ நெல்லுக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர். நாளுக்கு 10 டன் ஊறப்போட்டால் 12 கிலோலிட்டர் அளவு வெளியேறும். பிஓடி 1,000 என்று வைத்தால் 12 கிலோ அழுக்கு. ஒரு ஆள் நாளொன்றுக்குச் சாக்கடைக்கு அனுப்புவதைப் பழைய வடிவமைப்பு வழக்கப்படி 45 கிராம் என்று கொண்டால், அந்த ஒரு ஆலை ஏறக்குறைய 270 பேர் கொண்ட ஒரு தெருவுக்குச் சமம்.

பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைக்கும் பழைய முறையில் தொட்டியிலேயே புளித்துவிடும். நாற்றமும் அமிலமும் அதனால்தான். 70 டிகிரி வெந்நீரில் மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்தால் புளிப்பு பெரிதும் குறையும். ஆனால் அந்தத் தண்ணீரைச் சமன் தொட்டியில் (ஏற்ற இறக்கமாக வரும் கழிவைச் சேர்த்துச் சமப்படுத்தும் தொட்டி) ராத்திரி முழுக்கச் சும்மா வைத்தால் பழைய கதைதான். ஒன்று காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லை சில மணி நேரத்தில் சுத்திகரிப்புக்கு அனுப்பிவிட வேண்டும். சுண்ணாம்பு போட்டால் பிஎச் ஏறும், நாற்றம் அடங்கும்; கரைந்த சர்க்கரையும் மாவும் அப்படியே இருப்பதால் பிஓடி இறங்காது. சுண்ணாம்பை நம்பிக் கோட்டைவிட்டவர்கள் அதிகம்.

உமியும் பதரும் உந்து நிலையத்தின் மோட்டாரைச் சிக்கவைக்கும். முதலில் 10 மி.மீ. இடைவெளிக் கம்பிச் சல்லடை, பிறகு நுண்சல்லடை. குறுவை, சம்பா அறுவடை முடிந்த வாரங்களில் தினமும் இருமுறை வாரினால்தான் தாக்குப்பிடிக்கும். பெரும்பாலான ஆலைகள் சாக்கடை எட்டாத இடத்தில் இருப்பதால், அவர்களுக்கு நிலத்துக்கான பிஓடி 100 வரம்புதான் பொருந்தும்.

பட்டு சாயப்பட்டறை?

திருபுவனம் பக்கம் கச்சாப் பட்டை சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பசை நீக்குவார்கள். எடையில் 20 முதல் 25 சதவீதம் பசையாகக் கழன்று தண்ணீரில் போய்விடும். 10 கிலோ பட்டுக்கு 300 லிட்டர் தண்ணீர் என்றால் அதில் இரண்டு கிலோவுக்கு மேல் புரதம், கூடவே சோப்பு. லிட்டருக்கு 7,000 மில்லிகிராமுக்குக் குறையாத கரைசல் அது. 350-ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிஎச்சும் 9-ஐத் தாண்டியிருக்கும்.

பசை நீக்கிய தண்ணீரைச் சாயத் தண்ணீரோடு கலக்காமல் தனித் தொட்டியில் பிடியுங்கள். முதலில் ஆறவிட வேண்டும். அமிலம் சேர்த்து பிஎச்சை 3-4 அளவுக்கு இறக்கினால் சோப்பு உடைந்து கொழுப்பாக மேலே மிதக்கும். அதை வழித்தெடுத்துவிட்டு, சுண்ணாம்பு விட்டு 7-க்கு ஏற்றிப் படியவிட்டுத் தெளிந்ததை உயிரியல் சுத்திகரிப்புக்கு அனுப்பலாம். ஹைட்ரோஸ் (சாயப்பட்டறையில் பயன்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்) போட்ட தண்ணீர் இருக்கிற தொட்டியில் அமிலத்தை ஊற்றவே கூடாது. சல்பர் டை ஆக்சைடு கிளம்பி மூச்சை அடைக்கும். வரிசை மாறி ஊற்றுவது ஒரு நொடி வேலை என்பதால் இரண்டு தொட்டிக்கும் வேறு வேறு வண்ணம் அடித்துவைப்பது உதவும்.

பித்தளை, வெண்கலப் பட்டறை?

நாச்சியார்கோவில் விளக்கு வேலை மாதிரியான இடங்களில் வார்ப்பு, கடைசல், மெருகு எதிலும் பெரிய கழிவுநீர் இல்லை. அமிலக் குளியல், முலாம் இரண்டும்தான் கவனிக்க வேண்டியவை. சுண்ணாம்புப் பால் விட்டு பிஎச் 8.5 முதல் 9 வரை ஏற்றி ராத்திரி படியவிட்டால் செம்பும் துத்தநாகமும் அடியில் இறங்கும். அடியில் சேர்ந்த பச்சை நிறச் சேறு அபாயக் கழிவு. 2016 அபாயக் கழிவு விதிப்படி 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, கும்மிடிப்பூண்டி மாதிரியான அங்கீகரித்த அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். உலோகம் சுத்திகரிப்பு நிலைய நுண்ணுயிர்களைக் கொல்லும் என்பதால் ஒரு பட்டறையின் ஒரு தொட்டி ஊர் நிலையத்தையே சில நாள் படுக்கவைக்கலாம்.

ஹோட்டல், கல்யாண மண்டபம்?

எண்ணெய் 20 மில்லிகிராம் என்பதுதான் இவர்களைப் பிடிக்கும் வரம்பு. அடுப்படியில் உச்ச நேரத்தில் மணிக்கு 2 கிலோலிட்டர் ஓடினால், அரை மணி நேரம் தங்கும்படி 1,000 லிட்டர் கிரீஸ் தொட்டி வேண்டும். இரண்டு அறை, வெளியேறும் வாயில் டி-குழாய், அதன் அடிவாய் தண்ணீர் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே. மேலே மிதக்கும் கொழுப்பும் அடியில் படிந்ததும் சேர்ந்து ஆழத்தில் கால்பங்கு ஆனதும் அள்ளிவிட வேண்டும். "மாதம் ஒருமுறை" என்று கணக்கு வைப்பதைவிட ஒரு குச்சியை விட்டுப் பார்ப்பது மேல்.

கொதிக்கிற தண்ணீரை நேராகத் தொட்டியில் ஊற்றினால் கொழுப்பு உருகித் தொட்டியைத் தாண்டிப் போய், குளிர்ந்த சாக்கடைக் குழாயில் உறைந்து அடைக்கும். கழிவறைக் குழாயைக் கிரீஸ் தொட்டியில் சேர்ப்பது இன்னொரு வழக்கமான தவறு. காபிக் கடைகளுக்கு ஒரு கணக்கு: பாலின் பிஓடி லிட்டருக்கு ஏறக்குறைய 1,00,000 மில்லிகிராம். திரிந்த பால் ஒரு லிட்டரைச் சாக்கடையில் கொட்டுவது இரண்டு பேரின் ஒரு நாள் கழிவுக்குச் சமம். வடை சுட்டு மீந்த எண்ணெயில் போலார் பொருள் (திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் எண்ணெய் சிதைந்து உண்டாவது) 25 சதவீதத்தைத் தாண்டினால் 2018 ஜூலை முதல் சமையலுக்கு ஆகாது. பயோடீசலுக்கு வாங்குகிறவர்களிடம் விற்கலாம். சாக்கடைக்கு ஒருபோதும் இல்லை.

மண்டபத்தில் வைகாசி, ஆவணி, தை முகூர்த்தத்தில் தொட்டி நிரம்பி வழியும். ஆடியிலும் மார்கழியிலும் ஒரு சொட்டு வராது. உயிரியல் சுத்திகரிப்பு வைத்திருந்தால் அந்த மாதங்களில் நுண்ணுயிர்கள் பட்டினியால் செத்துப்போகும். தினம் சில மணி நேரம் காற்று ஊதி, கொஞ்சம் கழிவறைத் தண்ணீரை விட்டு உயிரோடு வைத்திருங்கள். தொட்டியின் அளவைச் சராசரிக்கு அல்ல, முகூர்த்த நாளுக்குப் போடுங்கள். மாதிரியும் அன்றைக்கே எடுக்கப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீர் எங்கள் வளாகத்துக்குள் திரும்பி வருகிறது. ஏன்?

சாக்கடைக் குழாயில் கசடு தங்காமல் இருக்க நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது வேண்டும். டெல்டா தரையில் அந்த வாட்டத்தைக் கொடுக்கக் குழாய் ஆழமாகிக்கொண்டே போக வேண்டும், ஆழம் போனால் நிலத்தடி நீருக்குள் போகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூட்டுகள் வழியாக ஊற்றுநீர் உள்ளே வரும். போதாததற்கு மொட்டைமாடித் தண்ணீரையும் பலர் சாக்கடையில் விடுகிறார்கள். உந்து நிலையம் தாங்காமல் தண்ணீர் பின்வாங்குகிறது.

உங்கள் இணைப்பில் திரும்பாத் தடுப்பான் வையுங்கள், மாதம் ஒருமுறை திறந்து மண்ணை எடுங்கள். ஒன்று இரண்டு நாள் கழிவைப் பிடித்துவைக்கத் தனித் தொட்டி இருந்தால் அந்த வாரங்களை ஓட்டிவிடலாம். வாட்டம் குறைந்த குழாயில் சர்க்கரையும் புரதமும் மிகுந்த கழிவு தேங்கினால் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகி, குழாயின் மேற்பகுதி கான்கிரீட்டை அமிலமாக அரிக்கும். சாலை திடீரென்று உள்வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொட்டியில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யலாமா?

கூடாது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் வளாகத் தொட்டிக்கும் பொருந்தும். தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவை எட்டினாலே மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "வாசனை இல்லை, இறங்கலாம்" என்பது அதனால்தான் உயிரைக் குடிக்கிறது. உறிஞ்சு லாரியும் ஜெட் இயந்திரமும் மட்டும். மரணம் நேர்ந்தால் இழப்பீடு 30 லட்சம் ரூபாய் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது.

செப்டிக் டேங்க் லாரியில் ஏற்றி அனுப்பிவிடலாமா?

வீட்டுக் கழிவுத்தொட்டிக் கசடுக்கான உரிமம் அது. அதில் சாயக்கழிவோ அமிலமோ ஏற்ற அனுமதி இல்லை. லாரி இரவில் எந்த வாய்க்கால் ஓரம் நின்றாலும், கழிவு யாருடையது என்பதை வைத்து உங்களைத்தான் தேடி வருவார்கள்.

இசைவாணைக்கு எப்படி விண்ணப்பிப்பது? எவ்வளவு நாளாகும்?

கட்டடம் எழுப்புமுன் நிறுவுவதற்கான இசைவாணை, உற்பத்தி தொடங்குமுன் இயக்குவதற்கான இசைவாணை. இரண்டும் வாரியத்தின் இணையவழியில்தான். மாசு மிகக் குறைவான வெள்ளை வகையில் வரும் தொழில்கள் தகவல் தெரிவித்தால் போதும். நில ஆவணம், கட்டட வரைபடம், செய்முறை வரிசை, எத்தனை லிட்டர் எங்கே போகிறது என்ற தண்ணீர்க் கணக்கு, சுத்திகரிப்பு அமைப்பின் வடிவமைப்பு, கணக்காளர் சான்று ஆகியவை வேண்டும். தண்ணீர்க் கணக்கில் உள்வருவதும் வெளிப்போவதும் கூட்டிப்பார்த்தால் ஒத்துவராததுதான் விண்ணப்பம் திரும்பிவர முக்கியக் காரணம்.

எல்லாவிதத்திலும் முழுமையான விண்ணப்பத்துக்கு நான்கு மாதத்துக்குள் பதில் இல்லையென்றால் இசைவு தந்ததாகக் கொள்ளலாம் என்று 25-ஆம் பிரிவு சொல்கிறது. "முழுமையான" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு காகிதம் குறைந்தாலும் நாள் எண்ணத் தொடங்காது. மறுத்தாலோ, விதித்த நிபந்தனை ஏற்க முடியாததாக இருந்தாலோ 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

இடம் தேர்வு செய்யுமுன் இன்னொன்று. மிகை மாசுத் தொழில்கள் காவிரி, அதன் கிளைகளுக்கு அருகே அமைய 1989, 1998 அரசாணைகள் தூரக் கட்டுப்பாடு விதிக்கின்றன. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020-இன் சட்டம் தோல் பதனிடும் ஆலை, செம்பு உருக்காலை போன்றவற்றை மண்டலத்துக்குள் புதிதாக வர விடாது. கட்டணம் கட்டித் தாண்டக்கூடிய வேலிகள் அல்ல இவை.

மீறினால் எவ்வளவு?

மத்திய வாரியத்தின் சுற்றுச்சூழல் இழப்பீட்டுச் சூத்திரம் ஐந்து எண்களின் பெருக்கல்: மாசுக் குறியீடு (சிவப்பு 80, ஆரஞ்சு 50, பச்சை 30), மீறிய நாள்கள், ரூபாய்க் காரணி (100 முதல் 500, வழக்கமாக 250), தொழிலின் அளவு (சிறியது 0.5, நடுத்தரம் 1, பெரியது 1.5), ஊரின் மக்கள்தொகைக் காரணி (10 லட்சத்துக்குள் 1). ஆரஞ்சு வகையில் ஒரு சிறு தொழில் 30 நாள் மீறினால் 50 × 30 × 250 × 0.5 × 1 = 1,87,500 ரூபாய். பச்சை வகைச் சிறு தொழிலுக்கு நாளுக்கு 3,750 என்று வரும், ஆனால் குறைந்தபட்சம் நாளுக்கு 5,000 என்பதால் அதுதான் போடப்படும்.

நாள்கள் என்ற எண்தான் உங்கள் கையில் உள்ளது. மீறல் கண்ட நாளில் இருந்து சரிசெய்ததாக உறுதியான நாள் வரை எண்ணுவார்கள். சரிசெய்த அன்றே அங்கீகரித்த ஆய்வக அறிக்கைக்கு மாதிரி கொடுத்து, வாரியத்துக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்குங்கள். பம்பை மாற்றிவிட்டுச் சொல்லாமல் இருந்த மூன்று வாரமும் மீறிய நாள்களாகவே நிற்கும்.

தொழிலை மூடிவிட்டோம். கட்டணம் இன்னும் வருகிறதே?

தானாக நிற்காது. நகராட்சிக்கு இணைப்புத் துண்டிப்பு மனு, வாரியத்துக்கு இயக்கத்தை நிறுத்திய தகவல் என்று இரண்டும் தனித்தனியே போக வேண்டும். தொட்டிகளைக் காலி செய்து, கசடு எங்கே போனது என்ற ரசீதை இணையுங்கள். இணைப்புக் குழாயை மேன்ஹோல் பக்கமே அடைக்கச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் மட்டும் மூடினால் மழைக்காலத்தில் அந்த வெற்றுக் குழாய் வழியாக ஊற்றுநீர் சாக்கடைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.